கோழிக்கூட்டைச் சுற்றும் எலிகள்: தொண்டைமானாற்று வளவுகளுக்குச் சில குறிப்புகள்

தொண்டைமானாற்றில் கோழி வளர்க்கும் வீட்டை எலி தேடி வராமல் இருப்பது அரிது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடனீரேரி, இடையில் பனங்காணிகள், சற்றுத் தள்ளி வயல்கள். மறைந்திருக்க இடமும் குடிக்கத் தண்ணீரும் எலிக்கு இங்கே தாராளம். ஆண்டு முழுவதும் தடையின்றிக் கிடைக்கும் சாப்பாடுதான் அதற்குக் குறை. அந்தக் குறையைக் கோழிக்கூடு தீர்த்துவைக்கிறது. எலி முதலில் வருவது கோழித்தீனுக்காக. வந்து பழகிய பிறகுதான் முட்டையிலும் குஞ்சிலும் வாய் வைக்கிறது.

பல வீடுகளில் முட்டை குறைந்ததும் முதலில் செய்வது கடைக்குப் போய் எலிமருந்து வாங்கி வருவது. பத்து எலி செத்தாலும் தீன் கிடக்கும்வரை அந்த இடம் வெறுமையாக இராது. பெண்ணெலி மூன்று வாரம் சினையாக இருந்து ஆறு, எட்டு என்று குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களும் குட்டி போடத் தொடங்கிவிடும். எனவே முதலில் தீன், அடுத்து கூடு, பிறகு வளவு, அதற்குப் பிறகே பொறி. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

1. வந்திருப்பது எது என்று பாருங்கள்.
விடிந்ததும் கூட்டைச் சுற்றி எச்சத்தைத் தேடுங்கள். அரை அங்குல நீளத்தில் இரு நுனியும் கூராக இருந்தால் அது கூரையிலும் வளையிலும் ஓடும் வீட்டெலி. அரிசிமணியை விடச் சிறிதாக இருந்தால் சுண்டெலி. கூட்டோரம் புதுமண் குவிந்து, பக்கத்தில் கைமுட்டி போகக்கூடிய பொந்து இருந்தால் அகழான். வீட்டெலி மேலால் வரும், அகழான் கீழால் வரும்; அடைக்க வேண்டிய இடம் இதைப் பொறுத்து மாறும். எச்சம் தெரியவில்லையென்றால் பொழுதுபடும் நேரத்தில் சுவரோரமாகவும் கூட்டுக் காலடியிலும் மெல்லிதாகக் கோதுமை மா தூவிவையுங்கள். காலையில் கால் தடமும் வால் இழுபட்ட கோடும் எங்கிருந்து எங்கே போகின்றன என்று காட்டிக்கொடுக்கும். நீண்ட மூக்கோடு கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலி அல்ல. அது கரப்பானும் பூச்சியும் தின்று வாழ்வது. அதைத் துரத்த வேண்டியதில்லை.

2. இரவில் ஒரு மணி தீனும் வெளியில் கிடக்கக்கூடாது.
இந்தக் குறிப்பை மட்டும் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை குறையும். எலியின் சாப்பாட்டு நேரம் பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகுதான். கோழியோ செக்கலோடு கூட்டில் ஏறிவிடும், இரவில் ஒன்றும் கொத்தாது. ஆகவே இரவில் தட்டில் இருக்கும் தீன் முழுவதும் எலிக்கு வைத்த தீன்தான். கூட்டுக்குள் வளரும் முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் வேண்டும். வளவில் மேய்ந்து வரும் ஊர்க்கோழிக்கு அதிலும் குறைவு போதும். அதைக் காலையில் ஒரு பங்கு, பின்னேரம் நான்கு மணிக்கு முன் ஒரு பங்கு என்று பிரித்து, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். மிஞ்சினால் அடுத்த நாள் அளவைக் குறையுங்கள். ஓர் எலி ஒரு நாளில் 20, 30 கிராம் தின்னும். நான்கைந்து எலிகள் சேர்ந்தால் ஒரு கோழியின் தீன் போகிறது. எச்சமும் சிறுநீரும் பட்டுக் கெடுவது அதற்கு மேல்.

தரையில் விசிறிப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். குறுணலும் தவிடும் மணலுக்குள் இறங்கினால் கோழி கிளறி எடுக்காதது எல்லாம் எலிக்குத்தான். விளிம்பு மடித்த தகரத் தட்டிலோ, நீளவாக்கில் பிளந்த குழாயிலோ வையுங்கள். பொழுதுபட முன் அதை எடுத்துத் தட்டிக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியையும் அப்படியே. கோடையில் வளவெல்லாம் வறண்டு கிடக்கும்போது அந்தச் சட்டித் தண்ணீருக்காகவே எலி வரும்.

3. தீனைத் தகரத்தில் வையுங்கள்.
சாக்கோடு மூலையில் வைத்தால் ஓர் இரவில் ஓட்டை விழும். பிளாஸ்டிக் வாளியின் விளிம்பையும் எலி கொறித்துவிடும். இறுக்கமான மூடியுள்ள தகரப் பீப்பாய் அல்லது பெரிய பிஸ்கட் தகரம்தான் சரி. மூடியின் மேல் ஒரு கல் இருக்கட்டும். புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், காய விட்ட தேங்காய் ஆகியவற்றின் வாசம் எலியைத் தூரத்திலிருந்தே இழுக்கும்; அவற்றையும் தகரத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். தீன் வைக்கும் இடம் கோழிக்கூட்டோடு ஒட்டியிருக்காமல் வீட்டோடு இருந்தால் நல்லது.

4. சோறும் குசினிக் கழிவும்.
சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைக்கும் ஊர் இது. ஆவணித் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் உலை இறங்காது. மிஞ்சிய சோற்றைக் கோழிக்கென்று வாளியில் கொண்டுவருவது வீணாக்காத நல்ல பழக்கம். ஆனால் அதைக் காலையில் போட்டு மதியத்துக்குள் மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். குழைந்த சோறு மண்ணோடு ஒட்டிக் கிடந்தால் புளிக்கும், கோழிக்கும் வயிற்றோட்டம் வரும், இரவில் எலியும் கூடும். மீன் கழுவிய தண்ணீரையும் செவிளையும் கூட்டுப் பக்கம் ஊற்ற வேண்டாம். கறிக்கழிவைக் குழியில் போட்டு அன்றன்றே மண் மூடுங்கள்.

5. கூட்டின் கம்பிவலையை மாற்றுங்கள்.
கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டும்தான். வளர்ந்த எலிக்கே முக்கால் அங்குல இடைவெளி போதும். குட்டிக்கு அதிலும் குறைவு. நாகம் பூசிய அரை அங்குலச் சதுரக் கண் கம்பிவலை எலிக்குத் தடை. சுண்டெலியும் வரக்கூடாதென்றால் கால் அங்குலக் கண் வேண்டும். முழுக் கூட்டையும் புதிதாக அடிக்கக் காசு போதாவிட்டால் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கும், முட்டைப் பெட்டி இருக்கும் பக்கத்துக்கும், கூரை சுவரைத் தொடும் இடைவெளிக்கும் முதலில் அடியுங்கள்.

அகழானுக்கு மேலே அடித்தது மட்டும் போதாது. வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, அதன் அடியை வெளிப்புறமாக ஓரடி மடித்துவிட வேண்டும். தோண்டிக்கொண்டு வருவது மடிப்பில் முட்டித் திரும்பும். எங்கள் பக்கத்தில் பல வளவுகளில் அரையடி வெட்டினாலே சுண்ணாம்புக்கல் மண்வெட்டியில் முட்டும். அங்கே தோண்டிக் கஷ்டப்பட வேண்டாம். வலையை நிலத்தின் மேலேயே வெளிப்பக்கமாக ஒன்றரை அடி விரித்துப் படுக்கவைத்து, மேலே கல் அடுக்கி மண் போட்டுவிடுங்கள். சுவரோரத்தில்தான் எலி தோண்டத் தொடங்கும். அந்த இடத்தில் கம்பி தட்டுப்பட்டால் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும்.

இன்னொன்று: இங்கே வீசும் உப்புக்காற்றில் எந்தக் கம்பியும் சீக்கிரம் கறள் பிடிக்கும். மண்ணைத் தொடும் இடத்திலும் ஆணி அடித்த இடத்திலும்தான் முதலில் பொரிந்து உதிரும். ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்குமுன், விரலால் அழுத்திப் பாருங்கள். உதிரும் துண்டை மட்டும் வெட்டி மாற்றினால் போதும்.

6. கூட்டைக் காலில் நிறுத்துங்கள்.
நிலத்தில் இருக்கும் கூட்டின் அடி எலிக்கு நல்ல வீடு. இரண்டடி உயரக் கால்களில் நிறுத்தினால் அடியில் வெளிச்சமும் காற்றும் வரும், கோழியும் அங்கே கிளறும், எலி தங்க விரும்பாது. தென்னையில் எலி ஏறாமல் தகரம் சுற்றுவதை எல்லோரும் அறிவோம். கூட்டுக் காலுக்கும் அதையே செய்யுங்கள். ஓரடி அகலத்துக்கு வழுவழுப்பான தகரத்தை இறுகச் சுற்றி, பொருத்து இடத்தில் பிதுங்காமல் ஆணி அடியுங்கள். கூட்டைத் தொடும் முருங்கைக் கொப்பையும், கூரை வழியாகப் போகும் கொடிக்கயிற்றையும் அகற்றாவிட்டால் தகரத்தால் பலனில்லை. வீட்டெலி கயிற்றில் ஓடும்.

7. ஓட்டை அடைக்கும் முறை.
துணியும் பொச்சும் திணித்தால் எலி அதை இழுத்துக் கூடு கட்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளை இறுகத் திணித்து, அதன் மேல் சீமெந்து பூசுங்கள். பழைய முருகைக்கல் மதிலில் கூடு சாய்ந்திருந்தால், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பொந்துகள் முழுவதும் எலிக்கு வழி. மதிலை முழுக்கப் பூச முடியாவிட்டால் கூட்டை மதிலிலிருந்து மூன்றடி தள்ளி வைப்பது சுகம்.

8. முட்டையும் அடைகோழியும்.
முட்டையைக் காலையிலும் பின்னேரத்திலும் எடுங்கள். இரவில் பெட்டியில் ஒன்றும் இருக்கக்கூடாது. கோதின் ஒரு பக்கம் ஓரம் ஓரமாகக் கொறிபட்டு உள்ளே நக்கிக் கிடந்தால் எலி. பெட்டிக்குள்ளேயே நொறுங்கி வைக்கோலெல்லாம் மஞ்சளாக இருந்தால் கோழியே கொத்தித் தின்கிறது; அதற்கு மருந்து வேறு. ஊரி, சிப்பித் தூள் கொடுத்துச் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டிப் பாருங்கள்.

அடைகோழியைக் குசினி மூலையில் கடகத்தில் வைப்பது நம் வழக்கம். எலி நடமாட்டம் உள்ள வீட்டில் அது ஆபத்து. அடைகோழி அசையாமல் இருப்பதால் இரவில் அதன் இறகையும் காலையும் கூட எலி கடிக்கும். குஞ்சு பொரித்த முதல் இரண்டு மூன்று வாரம் தாயின் சிறகுக்குள்ளிருந்தே குஞ்சை இழுத்துக்கொண்டு போகும். கால் அங்குல வலை அடித்த, அடியிலும் வலையுள்ள பெட்டி ஒன்றை அடைக்கென்றே வைத்திருங்கள். ஒரு தரம் செய்தால் பல அடைக்கு உதவும்.

9. வளவைத் திறந்து வையுங்கள்.
எலி திறந்த வெளியைக் கடக்க அஞ்சும். கூட்டைச் சுற்றி மூன்று நான்கடி அகலத்துக்குப் புல்லும் குப்பையும் இல்லாமல் வெறும் தரையாக இருக்கட்டும். பனை வளவில் இது லேசான வேலையல்ல. காவோலை, பன்னாடை, கொக்காரை, மூரிமட்டை, பொச்சு என்று எரிக்க எடுத்துவைத்தது எல்லாம் கூட்டோரமாகவே குவியும். அவற்றை நிலத்தில் போடாமல் கல்லின் மேல் குறுக்குத்தடி வைத்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். ஆறு மாதம் அசைக்காத விறகு அடுக்கில் எலி குட்டி போட்டிருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வேலி அடைத்து மிஞ்சிய பழைய கிடுகும் அப்படித்தான்.

10. பொந்து.
பகலில் எல்லாப் பொந்தையும் மண்ணால் லேசாக மூடிவிடுங்கள். மறுநாள் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. அந்தப் பொந்தை மண்வெட்டியால் வெட்டித் திறந்து, கல் போட்டு இடித்து நிரப்புங்கள். கையை விடவே வேண்டாம். எலியைத் தேடிப் பாம்பும் அதே பொந்துக்குள் போகும்; நாகமும் புடையனும் இந்தப் பக்கத்தில் குறைவில்லை. பொந்தின் வாயில் மண் வழுவழுப்பாக இருந்தாலோ, செட்டை கிடந்தாலோ அன்று விட்டுவிடுங்கள். இரவில் கோழி கத்தினால் டோர்ச் இல்லாமலும் வெறுங்காலோடும் கூட்டடிக்குப் போகக்கூடாது.

11. பொறி வைக்கும் விதம்.
எலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். அதனால் பொறி வாங்கிய அன்றே விசையேற்றி வைத்தால் ஒன்றும் விழாது, விழுந்து தப்பியது பிறகு கிட்டவே வராது. மூன்று நான்கு இரவு விசையேற்றாமல் இரை மட்டும் வையுங்கள். இரை தொடர்ந்து காணாமல் போகத் தொடங்கிய பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறியையும் ஏற்றுங்கள். ஒன்றிரண்டால் பலன் குறைவு. ஆறேழு பொறி இருந்தால் நல்லது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது சேருங்கள்.

எலி சுவரோரமாக மீசை உரச ஓடும். சட்டப்பொறியின் இரை வைக்கும் பக்கம் சுவரைப் பார்க்க, குறுக்காக வையுங்கள். இரைக்குச் சுட்ட தேங்காய்ச் சொட்டும் நெத்தலிக் கருவாடும் நம்மூரில் தோற்றதில்லை. கோழித்தீனையே இரையாக வைப்பதில் பயனில்லை, அது அதற்குச் சும்மாவே கிடைக்கிறது. இரையை நூலால் கட்டிவிடுங்கள், இழுக்க முயலும்போது விசை தட்டும். கோழிகளை அடைத்த பிறகு வைத்து, விடிய அவற்றைத் திறக்குமுன் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து போகும் வீடென்றால் இரு முனையும் திறந்த மரப்பெட்டிக்குள் பொறியை வையுங்கள். கோழித் தலையும் பிள்ளைகளின் கையும் அதற்குள் போகாது.

கூட்டுப்பொறியில் உயிரோடு பிடித்து ஆற்றங்கரையிலோ வெறுங்காணியிலோ திறந்துவிடுவது சிலருக்கு மன ஆறுதல். பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லக் கூசும் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் விட்ட எலி அடுத்த வளவுக்குத்தான் போகும். கொல்ல விருப்பமில்லாதவர்கள் மேலே சொன்ன முதல் ஒன்பது குறிப்பையும் இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். எலி தானாகவே குறையும். பசைப் பலகை மட்டும் யாருமே வைக்க வேண்டாம். எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும், ஓணானும் குஞ்சும் குருவியும் ஒட்டிக்கொள்ளும்.

12. கோழி உள்ள வளவில் நஞ்சு வேண்டாம்.
கடையில் விற்கும் எலிக்கட்டிகளில் பெரும்பாலானவை இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது. மூன்று நாள், ஐந்து நாள் தள்ளாடித் திரிந்து, பட்டப்பகலில் முற்றத்தில் விழும். கோழி எதையும் கொத்தும் பிராணி. செத்த சுண்டெலியை முழுதாக விழுங்கும். நஞ்சு ஈரலில் தங்கும், முட்டைக்கும் போகும். அந்த எலியைப் பிடித்த பூனையும் கூகையும் சாகும். எலி கட்டியை இழுத்துக்கொண்டுபோய்த் தீன் தட்டில் போட்டுவிட்டுப் போவதும் உண்டு.

நாகப் பொசுபைட்டு என்ற கறுத்த தூள் இன்னும் மோசம். வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயுவாக மாறும், அதற்கு முறிமருந்து கிடையாது. தோட்டத்துக்கு அடிக்கும் பீடைகொல்லியை மாவில் குழைத்து வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அது கொலைக்குச் சமம். ஒரு பிள்ளை தவறி வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கவைத்து நேரத்தைப் போக்காமல், மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக நடக்கும். அன்று பிள்ளை சுகமாகத் தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், உறைவைத் தடுக்கும் நஞ்சு நாள் கழித்துத்தான் வேலை செய்யும்.

13. மின்கம்பி இழுக்காதீர்கள்.
எலிக்கென்று இழுத்த மின்கம்பியில் மனிதர் சாகிறார்கள். சட்டத்துக்கும் விரோதம். மாரியில் நிலம் ஈரமாக இருக்கும்போது கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை.

14. வேலை செய்யாத வைத்தியங்கள்.
மாவும் சீமெந்தும் கலந்து வைப்பது, அப்பச்சோடா உருண்டை, பூச்சிமுட்டை, புதினா எண்ணெய், காதுக்குக் கேட்காத சத்தம் எழுப்பும் மின்கருவி ஆகியவற்றில் எதற்கும் எலி நெடுநாள் அஞ்சுவதில்லை. சீமெந்து மாவைக் கோழி தின்றால் கோழிதான் பாதிக்கப்படும்.

15. எலி கூடும் காலங்கள்.
ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரேரி ஏறி, தாழ்ந்த காணிகளில் தண்ணீர் நின்றால் அங்கிருந்த பொந்தெல்லாம் நிரம்பி எலிகள் மேட்டு வளவுக்கு ஏறும். அது முதல் அலை. தை, மாசியில் நெல் வெட்டியதும் வயலெலி வீட்டுப் பக்கம் திரும்பும். அதே நாளில்தான் பனங்கிழங்குப் பாத்தியும் கிண்டுவோம். கிழங்கு தின்று கொழுத்த அகழான் பாத்தி வெறுமையானதும் பக்கத்திலுள்ள கோழிக்கூட்டைத்தான் பார்க்கும். பாத்தியைக் கூட்டுக்கு அருகில் போடாதீர்கள். பொறிகளை இந்த இரண்டு காலத்துக்கும் முன்பே எடுத்துத் துடைத்து எண்ணெய் விட்டு வையுங்கள்.

16. எலிக்காய்ச்சலை மறக்காதீர்கள்.
2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பரவிய காய்ச்சலில் பலர் சில நாட்களிலேயே உயிரிழந்தார்கள். சோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. பருத்தித்துறை, கரவெட்டிப் பகுதிகள், அதாவது நம் வடமராட்சிதான், கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. எலியின் சிறுநீரில் உள்ள கிருமி சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவே உடலுக்குள் போகும். மாரியில் கோழிக்கூட்டடிச் சேறு அதற்குத் தோதான இடம்.

கூடு கூட்டும்போது முழங்கால்வரை சப்பாத்தும் கையுறையும் போடுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே கூட்டித் தூசி கிளப்பாமல் முதலில் குளோரின் கரைத்த தண்ணீர் தெளித்து நனையவிட்டு அள்ளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவும் கண் சிவப்பும் இருந்தால் பனடோல் போட்டுக் காத்திராமல் வைத்தியரிடம் போய், எலி உள்ள இடத்தில் வேலை செய்கிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சேற்றில் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டித் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம். எலித்தெள்ளால் வரும் டைபஸ் காய்ச்சலும் யாழ்ப்பாணத்தில் காணப்படுவதுதான். செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு உடலைத் தேடிக் கிளம்பும், ஆகவே வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பையைக் கையில் மாட்டிப் பிடித்து, அப்படியே உள்வெளியாகத் திருப்பி முடிந்துவிடுங்கள்.

17. புதைக்கும் இடம்.
கிணற்றடிக்குக் கிட்டப் புதைக்கவே கூடாது. நம் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே போட்டது எதுவும் மழையோடு விரைவாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, நாய் கிளறாத ஆழத்தில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

18. பூனையும் கூகையும்.
பூனை சுண்டெலியையும் எலிக்குட்டியையும் பிடிக்கும். முழு அகழானோடு மல்லுக்கட்டுவது குறைவு. இருந்தாலும் பூனை உலாவும் வளவில் எலி துணிந்து திரியாது. குஞ்சோடு பழகி வளர்ந்த பூனையா என்று மட்டும் பாருங்கள். கூகை அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெறியும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மொட்டைப் பனையிலும் பாழ்வீட்டிலும் இருந்துகொண்டு இரவிரவாக எலி பிடிப்பது அதுதான். சாரைப்பாம்பும் நமக்கு உதவிதான், ஆனால் முட்டைக்கும் குஞ்சுக்கும் அதுவே வரும் என்பதால் வலை அடித்த கூடு அங்கேயும் காக்கும். கீரியும் மரநாயும் எலி தின்றாலும், கூட்டில் நுழைந்தால் ஒரே தரத்தில் எல்லாக் கோழியையும் கடித்துப் போட்டுவிடும். அவற்றை நம்ப வேண்டாம்.

19. பக்கத்து வளவுகளோடு கதையுங்கள்.
வேலி எலியைத் தடுக்காது. ஒரு வீடு மட்டும் தீனை எடுத்து வைத்தால் எலி அடுத்த வீட்டில் தின்று இந்த வீட்டில் படுக்கும். நான்கைந்து வீடுகள் பேசி ஒரே கிழமையில் விறகை அசைத்து, பொந்து இடித்து, ஒரே இரவில் பொறி ஏற்றினால் கிடைக்கும் பலன் தனித்தனியாக மாதக்கணக்கில் செய்தாலும் கிடைக்காது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இடையில் இருந்தால், உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தாலும் சொந்தக்காரர் மூலம் அனுமதி கேட்டு அந்த வளவின் பற்றையையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். புரட்டாதிக் கடைசியில், முதல் மழைக்கு முன் இதைச் செய்வதுதான் தோது.